அப்பாவின் நாடித்துடிப்பு 44, என்னுடையது 48: குறைந்த இதயத் துடிப்பு எப்போது ஆபத்தாகிறது?

கேள்வி: மாலைநடை

வணக்கம். ஒரே வீட்டில் வாழும் இருவருடைய இதயத் துடிப்பைப் பற்றிய கேள்வி இது.

என் தந்தைக்கு 71 வயது. இரத்த அழுத்தத்துக்காகப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அட்டெனலால் 50 மில்லிகிராம் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். கண் அழுத்த நோய்க்காகச் சென்ற ஆண்டு முதல் இரு கண்களிலும் டிமோலால் சொட்டு மருந்தும் விட்டுக்கொள்கிறார். மூன்று வாரங்களாக வீட்டில் உள்ள பி.பி. கருவி அவருடைய துடிப்பை 42, 44, 46 என்றே காட்டி வருகிறது. முன்பெல்லாம் அது 60-ஐ ஒட்டியே இருந்தது.

தமக்கு ஒன்றுமில்லை என்றுதான் அவர் சொல்கிறார். ஆனால் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கிய பிறகே மேலே ஏறுகிறார். எழுந்து நிற்கும்போது இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டதை நானே பார்த்தேன். சென்ற வாரம் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தவருடைய கையிலிருந்து தாள் நழுவி விழுந்தது; நான் அழைத்தபோது சில நொடிகள் பதிலே இல்லை. கண்ணயர்ந்துவிட்டேன் என்றார்.

எனக்கு 36 வயது. வாரத்துக்கு நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் பல ஆண்டுகளாக ஓடி வருகிறேன். ஓய்வில் என் துடிப்பு 48; உறக்கத்தில் 41 வரை இறங்குவதாகக் கைக்கடிகாரம் எச்சரிக்கிறது. ஓடுபவர்களுக்கு அது நல்ல அறிகுறி என்று எல்லோரும் சொல்கிறார்கள். இதைக் கேட்ட அப்பா, “உனக்கு 48 நல்லதென்றால் எனக்கு 44 மட்டும் எப்படிக் கெட்டதாகும்?” என்று கேட்டுவிட்டு, மருத்துவரிடம் வர மறுக்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் சரியான விடை இல்லை.

எந்த எண்ணுக்குக் கீழே போனால் ஆபத்து, அந்த ஆபத்துதான் என்ன, மாத்திரையை இப்போதே நிறுத்திவிடலாமா, கடைசியில் இதயத்தைத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் கருவிதான் வழியா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: ஈசிஜி அறை

நண்பரே, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஈசிஜி எடுக்கும் பணியில் இருக்கிறேன். நோயைப் பற்றி மருத்துவர்கள் சொல்லட்டும். அந்த 44 என்ற எண்ணைப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன்.

பி.பி. கருவியும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும், கைக்கடிகாரமும் இதயத் துடிப்பை நேரடியாக எண்ணுவதில்லை. கைக்கோ விரலுக்கோ வந்து சேரும் நாடி அலையைத்தான் எண்ணுகின்றன. சிலருக்கு ஒவ்வொரு இயல்பான துடிப்பை அடுத்தும், வர வேண்டிய நேரத்துக்கு முன்பே ஒரு துடிப்பு (முந்திய துடிப்பு) தோன்றும். இதயம் நிரம்புவதற்கு முன்பே சுருங்கிவிடுவதால் அந்தத் துடிப்பின் அலை மணிக்கட்டுவரை வந்து சேராது. அப்போது இதயம் 80 முறை மின்சார அளவில் துடித்திருக்கும்; கருவியோ 40 என்று காட்டும். துடிப்பு குறைந்துவிட்டது என்று அஞ்சி வந்து, ஈசிஜியில் துடிப்பு இயல்பாகவும் இடையிடையே முந்திய துடிப்புகளுமாக இருக்கக் கண்ட பலரை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் ஆராய வேண்டிய நிலைதான். ஆனால் அதன் காரணமும் மருத்துவமும் வேறு.

ஆகவே அப்பாவை ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக உங்கள் இரு விரல்களை வைத்து, முழுதாக 60 நொடிகள் எண்ணுங்கள். பதினைந்து நொடிகள் எண்ணி நான்கால் பெருக்கும் வழக்கம் துடிப்பு மெதுவாகவோ சீரற்றோ இருப்பவர்களுக்குப் பொருந்தாது, ஏனெனில் ஒரு துடிப்பு விடுபட்டாலே கணக்கில் நான்கு குறைந்துவிடும். எண்ணும்போது துடிப்புகள் ஒரே சீராக வருகின்றனவா, நடுவில் விட்டுவிட்டு வருகின்றனவா என்பதையும் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். கருவி சொன்ன எண்ணைவிட மருத்துவருக்கு அந்தக் குறிப்பு அதிகம் உதவும். எனினும் எதையும் உறுதிப்படுத்துவது ஈசிஜி ஒன்றுதான். அதை எடுப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும், வலியும் இல்லை.

பதில்: பொதுமருத்துவன்

உங்கள் தந்தை கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்வதற்கு முன்பு, நீங்கள் கடந்துபோகும் வரியாக எழுதியிருக்கும் ஒன்றை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாள் கையிலிருந்து நழுவியதும், அழைத்தபோது சில நொடிகள் பதில் வராததும் எனக்கு 44 என்ற எண்ணைவிடப் பெரிதாகத் தெரிகின்றன. அது உறக்கமாகவே இருக்கலாம். ஆனால் மூளைக்குச் செல்லும் இரத்தம் ஆறு முதல் எட்டு நொடிகள் நின்றாலே ஒருவர் நினைவிழப்பார், ஓட்டம் திரும்பியவுடன் எதுவும் நடவாததுபோல் விழித்துக்கொள்வார். நேரில் காணாத ஒருவரைப் பற்றி நான் முடிவு சொல்ல முடியாது. ஆயினும் அவருக்கு ஈசிஜி எடுப்பதை அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள், இன்றே எடுங்கள். மீண்டும் நினைவு தப்பினாலோ, நெஞ்சுவலி, ஓய்விலும் மூச்சுத்திணறல், புதிய மனக்குழப்பம், உடல் சில்லிட்டு வியர்த்தல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலோ ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அது வரும்வரை, நினைவு தப்பியிருந்தால் அவரைப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்தி வையுங்கள்; மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் சாய்ந்து உட்காரவையுங்கள். நடக்கவைத்துக் கூட்டிச் செல்ல வேண்டாம்.

இனி அவருடைய கேள்விக்கு வருகிறேன். இதயத்தின் வலது மேலறையின் மேற்பகுதியில் உள்ள சைனஸ் கணுதான் துடிப்பைத் தொடங்கிவைக்கிறது. நரம்புகளின் கட்டுப்பாடு இல்லாமல் தானாக இயங்கவிட்டால், இளமையில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும்; மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களுக்கு, நரம்புத் தொடர்பு அறுந்திருப்பதால், ஓய்விலும் துடிப்பு 90-க்கு மேல் இருப்பது இதனால்தான். நம்மில் மற்றவர்களுக்கு வேகஸ் நரம்பு அதை ஓய்வு நேரங்களில் அடக்கி வைக்கிறது. நெடுங்காலம் ஓடிப் பழகியவருக்கு அந்த அடக்கம் வலுவாக இருக்கும். சைனஸ் கணுவும் அந்தப் பழக்கத்துக்கேற்ப மாறியிருக்கும். இதய அறைகளும் விரிந்து ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை வெளியேற்றும். ஒரு துடிப்புக்கு 100 மில்லிலிட்டர் என்று கொண்டால் 48 துடிப்புகளில் 4.8 லிட்டர் ஆகிறது. சராசரி மனிதர் 70 துடிப்புகளில், துடிப்புக்கு 70 மில்லிலிட்டராக, 4.9 லிட்டர் அனுப்புகிறார். உங்கள் உடலுக்குக் குறைவு எதுவுமில்லை. ஓடத் தொடங்கியதும் துடிப்பு தடையின்றி 150-ஐத் தாண்டுகிறதல்லவா? அதுதான் உங்கள் 48-க்குச் சான்று. உறக்கத்தில் 41 என்பதும் அவ்வாறே. பயிற்சி பெற்றவர்களுக்கு ஆழ்ந்த உறக்கத்தில் 30-களில் இறங்குவதும் இரண்டு நொடி இடைவெளி விழுவதும் இயல்பே.

எழுபது வயதில் இதயத் தசை சற்று இறுகியிருக்கும். துடிப்பு மெதுவாகும்போது இதயம் நிரம்பக் கூடுதல் நேரம் கிடைப்பதால் ஒவ்வொரு துடிப்பிலும் செல்லும் இரத்தம் ஓரளவு கூடும். ஆனால் இறுகிய இதயத்தில் அந்த ஈடு குறைவு. உட்கார்ந்திருக்கும்போது அது போதும், அதனால்தான் அவர் ஒன்றுமில்லை என்கிறார். படி ஏறும்போது தசைகள் கூடுதல் இரத்தம் கேட்கின்றன. அப்போது துடிப்பு விரைந்தாக வேண்டும். அது விரையாமல் 50-லேயே நின்றுவிட்டால் மூச்சு வாங்கும், கால்கள் தளரும், கண் இருளும். உங்கள் இருவருக்கும் உள்ள வேறுபாடு ஓய்வில் காணும் எண்ணைவிடத் தேவைப்படும்போது எவ்வளவு ஏறுகிறது என்பதில்தான் இருக்கிறது. இதை அவருக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: இருவரும் ஒரே மாடியை ஏறி இறங்கிய பிறகு இருவர் நாடியையும் எண்ணினால் விடை தெரியும். ஆனால் நினைவு தப்பியிருக்கலாம் என்ற ஐயம் இருக்கும்வரை அந்தச் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம். மருத்துவமனையில் கண்காணிப்புடன் டிரெட்மில்லில் செய்வார்கள்.

எந்த எண் ஆபத்து என்று கேட்டிருந்தீர்கள். 60-க்குக் கீழே என்பது பாடநூல்களின் பழைய வரையறை. 2018-இல் அமெரிக்க இதயவியல் அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டுதல் 50-க்குக் கீழே என்றும், மூன்று நொடிக்கு மேற்பட்ட இடைவெளி என்றும் எடுத்துக்கொள்கிறது. அதே வழிகாட்டுதல், சைனஸ் கணுவின் தளர்ச்சியைப் பொறுத்தவரை, பேஸ்மேக்கர் வைப்பதற்கு இன்ன எண் என்று எதையும் வரையறுக்கவில்லை. அறிகுறி தோன்றும் நேரமும் துடிப்பு குறையும் நேரமும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையே பார்க்கச் சொல்கிறது.

இதற்கு ஒரு முக்கிய விலக்கு உண்டு: ‘ஹார்ட் பிளாக்’. நம் மொழியில் ‘அடைப்பு’ என்ற ஒரே சொல் இரண்டு பொருளில் வழங்குவதால் பலர் இங்கே குழம்புவதைக் கண்டிருக்கிறேன். ஈசிஜி அறிக்கையில் ‘ஹார்ட் பிளாக்’ என்று இருந்தால் அது இரத்தக்குழாயில் கொழுப்பு அடைத்திருப்பதைச் சொல்வதன்று. மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின்தூண்டல் வழியில் தடைபடுவதைச் சொல்கிறது. முதல் நிலைத் தடை என்பது தாமதம் மட்டுமே, பெரும்பாலும் தீங்கற்றது. சில தூண்டல்கள் மட்டும் கீழே வராமல் தவறுவது இரண்டாம் நிலை; அதில் ஒரு வகை உறக்கத்தில் ஆரோக்கியமானவர்களுக்கும் வரும். அதன் மற்றொரு வகையான, மோபிட்ஸ் இரண்டாம் வகை என்று எழுதப்படுவதோ எந்நேரமும் முழுத் தடையாக மாறக்கூடியது. முழுத் தடையில் மேலறையின் தூண்டல் ஒன்றுகூடக் கீழே வராது. அப்போது கீழறை தானாகவே 20 முதல் 40 வரை மட்டும் துடித்து உயிரைக் காக்க முயல்கிறது. அந்தத் துடிப்பை நம்பியிருக்க முடியாது. துடிப்பு மிகவும் மெதுவாகும்போது கீழறையின் மின் ஓய்வு நேரம் நீண்டு, அதன் விளைவாகவே கட்டுக்கடங்காத கொடிய விரைதுடிப்பு தோன்றி உயிர் போவதும் உண்டு. ஆகவே மீளக்கூடிய காரணம் எதுவும் இல்லாதபோது, இவ்விரு தடைகளுக்கும் அறிகுறி இல்லாவிட்டாலும் பேஸ்மேக்கர் பரிந்துரைக்கப்படுகிறது. 44 என்ற எண்ணைப் பார்த்து இது எந்த வகை என்று சொல்லவே முடியாது.

உங்கள் தந்தையிடம் மீளக்கூடிய காரணம் இருப்பதற்கு நிறையவே வாய்ப்பு உண்டு. அட்டெனலால், இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்து. அது பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. வயதோடு சிறுநீரகத்தின் திறன் குறையும்போது, பத்து ஆண்டுகளுக்கு முன்பு சரியாக இருந்த அதே 50 மில்லிகிராம் உடலில் தேங்கி இன்று மிகுதியாகிவிடலாம். டிமோலாலும் பீட்டா பிளாக்கரே. கண்ணில் விடும் சொட்டு, கண்ணீர்க் குழாய் வழியாக மூக்கின் உட்சவ்வை அடைந்து நேராக இரத்தத்தில் கலக்கிறது. கண் மருத்துவரிடம் மாத்திரையைப் பற்றியும், இதய மருத்துவரிடம் சொட்டு மருந்தைப் பற்றியும் யாரும் சொல்வதில்லை என்பது நான் மீண்டும் மீண்டும் கண்டு வருந்திய ஒன்று. தயவுசெய்து எல்லா மருந்துகளையும், சொட்டு மருந்துப் புட்டி உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வெராபமில், டில்டியாசெம், டிகாக்சின், அமியோடரோன், லித்தியம், நினைவாற்றல் குறைவுக்குத் தரும் டோனெபசில் ஆகியவையும் துடிப்பைக் குறைப்பவையே. தைராய்டு குறைபாடு, இரத்தத்தில் பொட்டாசியம் மிகுதல், உறக்கத்தில் மூச்சுத்தடை, இதயத்தின் கீழ்ப்பகுதியில் ஏற்படும் மாரடைப்பு ஆகியவற்றையும் சோதித்து விலக்க வேண்டும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தமும் துடிப்பும் எகிறி, மறைந்திருக்கும் இரத்தக்குழாய் நோய் மாரடைப்பாக வெளிப்படலாம். இன்றைக்கு எடுக்க வேண்டிய மாத்திரையை எடுக்கலாமா என்பதைக்கூட ஈசிஜியைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

பதில்: பேஸ்மேக்கருடன் ஆறு ஆண்டு

மேலே மருத்துவர் சொன்ன முழுத் தடை எனக்கு வந்தது. அப்போது எனக்கு 63 வயது. பல மாதங்களாகச் சோர்வு இருந்தது. குளித்து வந்தாலே களைப்பாக இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது சொல்ல வந்த சொல் நினைவுக்கு வராது. வயதாகிவிட்டது என்று நானும் நினைத்தேன், வீட்டிலும் நினைத்தார்கள். நான் காட்டிய மருத்துவமனையில் சத்து மாத்திரை தந்து அனுப்பினார்கள். நாடியை யாரும் ஒரு நிமிடம் எண்ணவில்லை.

ஒருநாள் சமையலறையில் நின்றிருந்தேன். அடுத்த நினைவு தரையில் கிடந்ததுதான். முன்னறிவிப்பாகக் கண் இருளுதலோ வியர்வையோ எதுவுமில்லை. விழுந்த வேகத்தில் கன்ன எலும்பு முறிந்திருந்தது. ஈசிஜியில் துடிப்பு 31 என்று வந்தது. அன்றிரவு தற்காலிக பேஸ்மேக்கர் கம்பி வைத்தார்கள், மறுநாள் நிரந்தரக் கருவி வைத்தார்கள். குறைந்த துடிப்பின் ஆபத்து என்றால் எல்லோரும் இதயம் நின்றுபோவதையே நினைக்கிறார்கள். எனக்கு அதைவிட அடுப்பும், படிக்கட்டும், வாகனம் ஓட்டுவதும்தான் அச்சமூட்டுகின்றன, ஏனென்றால் அந்தச் சில நொடி நினைவிழப்பு எங்கே நேர்கிறது என்பதைப் பொறுத்தே முடிவு அமைகிறது. உங்கள் தந்தை வண்டி ஓட்டுபவராக இருந்தால் காரணம் தெரியும்வரை சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

பேஸ்மேக்கரைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். மார்பின் மேற்பகுதியில், காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் சிறு கருவி ஒன்றை வைத்து, சிரை வழியே கம்பிகளை இதயத்துக்குள் செலுத்துகிறார்கள். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்துதான் செய்தார்கள். சில வாரங்கள் அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேலே உயர்த்தக் கூடாது. கைபேசியைக் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளியே வைத்திருக்கிறேன். குறித்த காலங்களில் கருவியைச் சோதிக்கப் போகிறேன். மின்கலம் பல ஆண்டுகள் உழைத்த பிறகு கருவியை மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். உலகில் முதன்முதலாக முழுமையாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது 1958-இல் ஸ்டாக்ஹோமில். அதைப் பெற்ற ஆர்னே லார்சன், அதன் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார் என்பதை மருத்துவமனைப் படுக்கையில் ஒரு செவிலியர் சொல்லக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுவாரமே சொற்கள் திரும்பி வந்தன. முதுமை என்று நான் நினைத்திருந்ததில் பாதி, மூளைக்கு இரத்தம் போதாமையாக இருந்திருக்கிறது.

மாலைநடை

பதிலளித்த மூவருக்கும் நன்றி. முதல் பதில் வந்த அன்றே முழு நிமிடம் எண்ணினேன். 43, சீராகவே இருந்தது. மாடி ஏறும் ஒப்பீட்டை வாயால் விளக்கியபோதுதான் அப்பா யோசித்தார். மாலையே கூட்டிச் சென்றேன்.

ஈசிஜியில் சைனஸ் கணுவிலிருந்து வரும் துடிப்பே 42 என்று வந்தது. முதல் நிலைத் தடையும் உண்டு என்றார்கள். தைராய்டும் பொட்டாசியமும் இயல்பாக உள்ளன, சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியேட்டினின் சற்றுக் கூடியிருக்கிறது, இதயத்தை ஒலியலையால் பார்க்கும் எக்கோவில் குறையில்லை. இரண்டு நாள் உள்நோயாளியாக வைத்துக்கொண்டு, அட்டெனலாலைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தவும், துடிப்பைக் குறைக்காத வேறொரு இரத்த அழுத்த மாத்திரையைத் தொடங்கவும் ஏற்பாடு செய்தார்கள். கண் மருத்துவரிடம் பேசியதில் டிமோலாலுக்குப் பதிலாக லாட்டனோப்ரோஸ்ட் சொட்டு தந்திருக்கிறார். மூன்று வாரங்கள் கழித்து இன்று துடிப்பு 57. படியில் நிற்காமல் ஏறுகிறார்.

ஆனால் உடலில் மாட்டிக்கொண்டு துடிப்பைத் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கருவியின், நேற்று வந்த 24 மணி நேர அறிக்கையில், மாலை 4.10-க்கு 3.2 நொடி இடைவெளி ஒன்று பதிவாகியிருக்கிறது. அந்த நேரத்தில் தமக்கு ஒன்றும் தோன்றவில்லை என்கிறார். மருந்தை நிறுத்திய பிறகும் இப்படி வருவதால் அஞ்சுகிறேன். இதற்குப் பேஸ்மேக்கர் தேவைப்படுமா?

பதில்: பொதுமருத்துவன்

மிக நல்ல செய்தி, பெரும்பகுதி. மருந்து விலகியதும் துடிப்பு ஏறியதும், படி ஏற முடிவதும் காரணத்தில் பெரும்பங்கு மருந்தினுடையது என்று காட்டுகின்றன. ஆனால் அதே அளவு மருந்து எல்லோரையும் இவ்வளவு தாழ்த்துவதில்லை. கணுவில் ஏற்கனவே தளர்ச்சி இருந்து, மருந்து அதை வெளிப்படுத்தியிருக்கலாம். விழித்திருக்கும் நேரத்தில் வந்த 3.2 நொடி இடைவெளி அந்த ஐயத்துக்கு இடம் தருகிறது. அறிகுறியற்ற ஒற்றை இடைவெளிக்காக மட்டும் பேஸ்மேக்கர் வைப்பதில்லை. என்றாலும் அன்று நாளிதழ் நழுவிய நிகழ்ச்சிக்கு இன்னும் விளக்கம் கிடைக்கவில்லை என்பதை உங்கள் இதய மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். அவருடைய முடிவை அது மாற்றக்கூடும்.

மார்பில் ஒட்டிக்கொள்ளும் 14 நாள் பதிவுக் கருவியைப் பற்றி அவரிடம் கேளுங்கள். அதிலும் பிடிபடாமல் நினைவிழப்பு ஐயம் தொடர்ந்தால், தோலுக்கடியில் வைத்து ஆண்டுக்கணக்கில் பதியும் சிறு கருவியும் உண்டு. அந்த நாட்களில் தலை கிறுகிறுத்தல், கண் இருளுதல், காரணமற்ற களைப்பு என எது தோன்றினாலும் அப்பா மணி, நிமிடத்தோடு ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். அவர் உணராமல் நீங்கள் கவனித்தவற்றை நீங்கள் தனியாக எழுதுங்கள். அதுவரை வாகனம் ஓட்ட வேண்டாம், குளியலறைக் கதவை உள்ளே தாழிட வேண்டாம்.

மாலைநடை

14 நாள் கருவிக்குத் திங்கட்கிழமை நேரம் தந்திருக்கிறார்கள். குறிப்பேட்டை அப்பாவே வாங்கி வந்து, முதல் பக்கத்தில் தம்முடைய நாடியை ஒரு நிமிடம் எண்ணி எழுதியிருக்கிறார்: காலை 7.05, 56, சீராக. அதற்குக் கீழே என்னுடையதையும் கேட்டு எழுதிக்கொண்டார்.